என்னை அண்ணி என்று கூப்பிடுகிற மகனுக்கு

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலேதான் உன்னை பஸ் ஏற்றி அனுப்பினேன். மூலக்குளம் நிறுத்தத்தில் பெட்டியை மேலே போட்டுவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து நீ கேட்டாய்: "அண்ணி, நான் அம்மாவ பெங்களூருக்குக் கூட்டிக்கினு போலாம்னு இருக்கேன். நீங்க இன்னா சொல்றீங்க?" பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்றிருந்த பெண் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அம்மாவை அழைத்துப் போவதற்கு அண்ணியிடம் உத்தரவு கேட்கிற பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று நினைத்திருப்பாள். உன்னைப் பெற்றவள் நான் என்பதும், நீ அம்மா என்று சொன்னது உன் பெரியம்மாவை என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? "போய்ச் சேந்ததும் கடுதாசு போடு" என்று மட்டும் சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது தாமதமாக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன். பெற்ற பிள்ளையின் வாயால் அக்கா என்றும் அண்ணி என்றும் கூப்பிடப்படுகிற பெண்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தியாவது இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, உனக்கு எப்படி இருக்கிறது என்று.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. இன்று நேற்று வந்த பொறாமை இல்லை, உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இருப்பது. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். உன்னோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது. நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாய், அதற்கு இங்கே இன்னும் வேலை போகவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. வில்லியனூருக்குத் தெற்கே நம் ஊர் வீட்டில் அப்போது எல்லோரும் ஒன்றாக இருந்தோம். உன் பெரியப்பா, பெரியம்மா, உன் அப்பா, நான், அப்பாவின் தங்கையான உன் அத்தை. புகுமுக வகுப்பு முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். அடுத்த வருடம் நீ. அதற்கடுத்த வருடம் உன் அப்பா, "கணக்குல அவ்ளோ மார்க் வாங்கினவ வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற" என்று சொல்லி டவுனில் காலேஜில் சேர்த்துவிட்டார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர், படிப்பின் மேல் அப்படி ஒரு பித்து. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு ஓடுவேன். உன்னை உன் பெரியம்மாவின் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் ஓடுவேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. கோவிலில் ஞானஸ்நானத்தின்போது உன்னை ஏந்தி நின்ற ஞானத்தாயும் அவள்தான். எனக்கு ஓரகத்தி என்றாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். நீ சாப்பிட்டு முடித்து, வாயில் வாசனையோடு இருப்பாய், அவள் வைத்த நெத்திலிக் குழம்பின் வாசனை.

நீ பேச ஆரம்பித்தபோது அந்த வீட்டில் உன் அத்தை ஒருத்திதான் ஓயாமல் என்னைக் கூப்பிடுகிறவள். "அண்ணி, சீப்பு எங்க", "அண்ணி, நீங்க குளிச்சிட்டீங்களா." நீ அதைப் பிடித்துக்கொண்டாய். ஒரு நாள் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது இரண்டு கையையும் நீட்டி "அண்ணி" என்றாய். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே திரும்பி அவளைப் பார்த்து "அம்மா" என்றாய். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, அது இயல்பாகத்தான் இருந்தது எல்லோருக்கும். அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன். "பெரியம்மான்னுதான்டி சொல்லிக் குடுத்தேன். அந்த 'பெரி' அவன் வாய்ல நிக்கல" என்றாள் அக்கா. பெரி வராத வாய்க்குப் பேரீச்சம்பழம் மட்டும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்குக் கேட்டால் சண்டையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. உன் அத்தை என்னை "நீங்க" என்பாள், நீயும் "நீங்க" என்றாய். உன் பெரியம்மாவை "நீ" என்றாய். அவள் முந்தானையில் வாயைத் துடைப்பாய், என்னிடம் துண்டு கேட்பாய். நான் மரியாதைக்குரியவளாக இருந்தே உன்னை வளர்த்தேன், தம்பி. மரியாதை கொடுத்தே நீ என்னை வாசலில் நிறுத்திவைத்தாய். ஒரு முறை உன் அத்தை, "மாத்திக் கூப்புடச் சொல்லுங்களேன் அண்ணி, சின்னப் புள்ளதானே" என்றாள். கமர்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா என்று சொன்னால் தருவேன் என்றேன். நீ உடனே அம்மா என்றாய். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கற்றிருந்த பண்போடு, "தேங்க்ஸ் அண்ணி" என்றாய். அதற்கப்புறம் நான் முயற்சி செய்யவில்லை.

இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது உன் வேலை என்ன என்று நான்தான் கேட்டேன். கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடுகிற மிஷின், அதற்கு நீ கணக்கு எழுதித் தருகிறாய் என்று அதுவரை நினைத்திருந்தேன். நீ நான் வைத்திருந்த பழைய வினாத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கட்டம் போட்டாய். ஒரு பெரிய கட்டம், பஞ்சாலை. அதற்குள் சின்னக் கட்டங்கள், ஷெட்டுகள். ஷெட்டுக்குள் இன்னும் சின்னதாக, தறிகள். இப்போது வந்திருக்கிற புது மாதிரி கம்ப்யூட்டர் மொழியில் எல்லாமே ஒரு பொருள், ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தன் வேலை தெரியும் என்றாய். நூல் அறுந்தால் தறி நிற்கும், நின்றால் ஷெட்டில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியை அடிக்க வைப்பதுதான் உன் வேலை. கணக்கு டீச்சரான எனக்கு இது பிடித்திருந்தது. திருக்கனூர் பள்ளிக்கூடத்தில் நான் நடத்துகிற கணங்கள் பாடம்தானே இது என்று நினைத்தேன். கணத்துக்குள் உறுப்பு இருக்கிறது என்று எழுதுவோம். உறுப்பைப் பார்த்து நீ எந்தக் கணத்தில் இருக்கிறாய் என்று கேட்டால் அதற்கு வாய் கிடையாது. ஐந்து என்கிற எண் ஒற்றைப்படை எண்களின் கணத்திலும் இருக்கும், பகா எண்களின் கணத்திலும் இருக்கும். அதற்கு இரண்டும் தெரியாது. தெரியாததால் இரண்டு கணங்களுக்கும் மனத்தாங்கல் இல்லை.

"அதேதான் அண்ணி" என்றாய். "ஷெட்டுக்குத் தங்கிட்ட எந்தெந்தத் தறி இருக்குன்னு தெரியும். தறிக்குத் தான் எந்த ஷெட்டுல இருக்கோம்னு தானாத் தெரியாது. நாமதான் சொல்லணும்."

எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். தறியை உண்டாக்கும்போதே ஷெட்டு தன் விலாசத்தை அதன் கையில் கொடுத்துவிட வேண்டும், நான்தான் உன்னை வைத்திருக்கிறேன், எதுவானாலும் என்னைக் கூப்பிடு என்று. தறி அதைத் தனக்குள் ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளும். நூல் அறுந்தால் அந்த விலாசத்தைப் பார்த்துக் கூப்பிடும். தன்னால் முடிவெடுக்க முடியாததையெல்லாம் தன்னை வைத்திருப்பதிடம் கேட்பதற்கு அதுதான் வழி. அந்த இடத்துக்குப் பேர் என்ன என்றேன். "நம்ம இஷ்டம். பேரண்ட்னு வைப்பாங்க, ஓனர்னு வைப்பாங்க. பேர்ல ஒண்ணும் இல்ல, விலாசம் சரியா இருக்கணும், அவ்ளோதான்."

"அந்த மாதிரி எத்தினி எடம் இருக்கும் ஒரு தறிக்குள்ள?"

"ஒண்ணுதான் அண்ணி."

அப்புறம் நீயே சிரித்துக்கொண்டு உன் தப்பைச் சொன்னாய். ஒரு தறியை ஒரு ஷெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறாய். புது ஷெட்டில் சேர்த்தாய், பழையதிலிருந்து எடுத்தாய், எல்லாம் சரியாகச் செய்தாய். தறிக்குள் இருந்த விலாசத்தை மட்டும் மாற்றவில்லை. விளைவு, புது ஷெட்டில் நூல் அறுகிறது, பழைய ஷெட்டில் மணி அடிக்கிறது. அங்கே ஆட்கள் ஓடிப் போய்ப் பார்த்தால் தறியே இல்லை. இங்கே பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சேதியே இல்லை. "மில்லுல கம்ப்யூட்டரு வராமயே அப்புடித்தான்டா நடக்குது" என்றார் உன் அப்பா. நீயும் அவரும் வெகுநேரம் சிரித்தீர்கள். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். குழம்பு அடிப்பிடிக்கவில்லை, ஆனாலும் கிண்டிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்த மணியை நான் கேட்டிருக்கிறேன். உன்னை ஒன்றாம் வகுப்பில் போடுகிற வருடம் நாம் மட்டும் தனியாக மூலக்குளத்துக்கு வந்தோம். புது வீடு, புது மதில், சுற்றிலும் செங்கல் சூளைக்குப் போகிற லாரி. ரோட்டைப் பார்த்தாலே எனக்குப் பயம். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் வீட்டு வாசலிலேயே காதை வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நீ விளையாடும்போது படிக்கட்டில் விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாய். யாருக்குச் சொல்லி அனுப்பட்டும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "அம்மாவுக்கு" என்றாய். அம்மா எங்கே இருக்கிறார் என்றதற்கு ஊர்ப்பேரைச் சொன்னாய். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அண்ணி என்றாய். அண்ணி எதற்கு, தாயே வரட்டும் என்று அவர்கள் ஊருக்கு சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டார்கள். உன் பெரியம்மா கைவேலையைப் போட்டது போட்டபடி, ஈரக்கையோடு பஸ் பிடித்து வந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, தையல் போட்டு, தோளில் சாய்த்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மோவாயில் கட்டோடு என் பிள்ளையை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு வருவதை நான் தெருமுனையில் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "பயப்படாத, ஒண்ணுமில்ல." எனக்கு ஆறுதல் சொன்னாள், தம்பி. பிள்ளையின் தாய் சுற்றத்தாருக்குச் சொல்வதுபோல.

உன்னை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றினோம். உன் துணி, உன் பலகை, நீ படுக்கிற தலையணை எல்லாம் கொண்டுவந்தோம். உனக்குள் இருந்த அந்த ஓர் இடத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாது. உன் மிஷினுக்கு ஒரு வரி எழுதினால் முடிந்துவிடுகிறது.

நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். அப்போது இதை நினைவில் வைத்துக்கொள். குழந்தை நம் முகத்தைப் பார்த்து நம்மைக் கூப்பிடக் கற்பதில்லை. மற்றவர்கள் நம்மை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுத்தான் கற்கிறது. அதனால் குழந்தையின் எதிரில் உன் மனைவியை அம்மா என்றே சொல். "அம்மாவக் கேளு", "அம்மாகிட்டப் போ" என்று வாய் ஓயாமல் சொல். ஆண்பிள்ளைக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை. உன் அப்பா என்னை எந்தப் பேரும் சொல்லாமல் "இந்தா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நீ அதைப் பிடித்துக்கொள்ளாமல் அண்ணியோடு விட்டாயே, அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நாலு பேர் மத்தியில் என் மகன் என்னை இந்தா என்று கூப்பிட்டால் நான் என்ன செய்திருப்பேன்?

நீ பெங்களூருக்குக் கிளம்பிய காலையில் முதலில் ஊர் வீட்டுக்குப் போய் அவளிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு வந்தாய். பிறகு என்னிடம் குனிந்தாய். நான் போட்ட சிலுவை, அவள் விரல் பட்ட இடத்தின் மேல்தான் விழுந்தது. அதோடு போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். பெரியப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள், எனக்கும் தெரியும். அவளை நீ பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் என் மகன் முதன்முதலாக எடுக்கிற வீட்டில், அடுப்பு பற்றவைத்துப் பால் காய்ச்சப்போவது அவள். கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேனா? பள்ளிக்கூடம் இருக்கிறது, உன் அப்பா இருக்கிறார், வந்திருக்கமாட்டேன். இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம்.

நீ போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நேரே ஊருக்குப் போனேன். நலம் விசாரிக்கப் போகவில்லை. ஜெயித்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அக்கா பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "வாடி, போய்ச் சேந்தானாமா" என்றாள், நிமிரவில்லை. உங்களை அழைத்துக்கொண்டு போகிறானாமே என்றேன். தெரியும் என்றாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எங்கிட்ட எங்கடி கேட்டான்?" என்றாள். "துணியெல்லாம் எடுத்து வச்சிக்கோ, வந்து கூட்டிக்கினு போறேன்றான். ஆட்டுக்குட்டிய இட்டுக்கினு போறாப்புல. ஆனா ஒண்ணு, அண்ணிய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான்னான். இந்த வயசுல நான் ஒரு ஊருக்குப் போவ உன் உத்தரவு வேணுமாம்."

கத்தியை வைத்துவிட்டாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே முகத்தின் மேல் வந்த மயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

"நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். இன்னா படிக்கறதுன்னு எங்கிட்ட வந்து கேட்டானா? வேலைக்குப் போட்டுமா வேணாமான்னு கேட்டானா? மூக்குல சதை வளந்தப்ப ஆபரேஷனுக்குக் கூட அண்ணி சொல்லட்டும்னு குந்திக்கினு இருந்தான். சோத்துக்கு வருவான், மடியில படுப்பான், போய்டுவான். கேக்கறது பூரா உன்னத்தான். அம்மான்னு கூப்புட்டுட்டா ஆச்சா? நீ படிச்சவன்னு பொறந்தப்பவே தெரிஞ்சிக்கினான் போலக்குது."

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அந்தக் கோணலை எனக்கு நன்றாகத் தெரியும். உன் மோவாயில் அந்தக் கட்டைப் பார்த்த நாளிலிருந்து கண்ணாடியில் நான் பார்க்கிற கோணல். அவளுக்கும் என் மேல் பொறாமை, தம்பி! இத்தனை வருடமாக. எனக்கு அது இனித்தது. அதை மறைக்கப்போவதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்திலிருந்தவளுக்குக் கேட்கும்படி ஏதோ முனகிப் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன், அவள் தள்ளி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவள் சொன்னது சரிதான். நூல் அறுந்தபோதெல்லாம் நீ என்னிடம்தான் வந்திருக்கிறாய். பேரில் ஒன்றும் இல்லை, விலாசம் சரியாக இருந்தால் போதும் என்று நீ சொன்னாய் அல்லவா, அது தறிக்குச் சரி. பேர் இல்லாமல் விலாசத்தோடு மட்டும் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், போதாது. எனக்குப் பேரும் வேண்டும். அவளுக்கு விலாசமும் வேண்டும், அவளிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். உனக்குள் இருப்பது ஒரே ஓர் இடம் என்றால், நாங்கள் இரண்டு பேரும் அதில் பாதிப் பாதியாக நின்றுகொண்டு, மற்றவளின் பாதியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உனக்கு இது தெரியாது. தெரிந்துகொள். இனிமேல் அவளிடம் கேள். என்ன காய் வாங்கட்டும் என்பதையாவது கேள். "துணிய எடுத்து வை" என்று சொல்லாதே, "வர்றியா" என்று கேள். அவள் வருவாள். கேட்டுவிட்டு வந்தால் வேறு மாதிரி வருவாள்.

பதில் இதுதான். அழைத்துக்கொண்டு போ. பெங்களூர்க் குளிர் அவள் முழங்காலுக்கு ஆகாது, தரையில் படுக்க விடாதே. வலிக்கிறது என்று வாயால் சொல்லமாட்டாள். உட்காரும்போது "சேசுவே" என்று ஆண்டவர் பேரை இழுத்தால் வலிக்கிறது என்று அர்த்தம். கன்னடம் தெரியாத இடத்தில் கடைக்குத் தனியாக அனுப்பாதே, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை எந்தக் கோவிலில் என்று முன்னாலேயே விசாரித்து வை. மீன் கிடைக்காத நாளில் கருவாடாவது இருக்கட்டும். இதெல்லாம் அவளைப் பற்றி உன்னைவிட எனக்குத்தான் தெரியும். பொறாமைப்படுகிறவளைப்போல் ஒருத்தரைக் கவனித்துப் பார்த்தவர்கள் யாரும் இருக்கமுடியாது.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் நானும் உன் அப்பாவும் வருவோம். என்னை நீ அண்ணி என்றே கூப்பிடு, இனி மாற்ற வேண்டாம், மாற்றினால் யாரையோ கூப்பிடுகிறாய் என்று திரும்பிப் பார்ப்பேன். சமையல் அவளே செய்யட்டும், நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒன்று மட்டும் நடக்கக்கூடாது. நான் வந்து உன் வீட்டு வாசலில் நிற்கும்போது, வா வா என்று உள்ளேயிருந்து அவள் வந்து எனக்குக் கதவைத் திறக்கக்கூடாது. ஆபீசுக்கு லீவு போட்டாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. கதவை நீ வந்து திற.